திக்குவாய்ப் பயிற்சிக்கு வரும் பெரியவர்களிடம் முதல் நாளில் என்ன சொல்கிறீர்கள்?

பொருநைக்கரை எழுதியது:

திருநெல்வேலியில் 11 ஆண்டுகளாகப் பேச்சுப் பயிற்சி அளித்து வருகிறேன். போன வாரம் நடந்த ஒன்று மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

27 வயது இளைஞர் ஒருவர் அப்பாவுடன் வந்தார். நாற்காலியில் உட்காரும் முன்பே அப்பா கேட்டார்: "எத்தனை நாளில் சரியாகும் மேடம்? தை பிறந்ததும் நிச்சயதார்த்தம் வைத்திருக்கிறோம்." வந்தது ஐப்பசிக் கடைசியில். மகன் என் மேசைமேல் இருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குத் தெரிந்த உண்மையைச் சொன்னேன். சிறு குழந்தைகளில் 100-க்கு 5 பேருக்காவது ஏதோ ஒரு கட்டத்தில் திக்கல் வருகிறது, அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது தானாகவே போய்விடுகிறது, வளர்ந்த பிறகும் திக்குபவர்கள் ஏறக்குறைய 100-க்கு ஒருவர், அந்த வயதில் அது அடியோடு மறைவது அரிது, ஆனால் பேச்சை நிறையவே எளிதாக்கலாம் என்றேன். அப்பா எழுந்துவிட்டார். "போகாது என்றால் எதற்குக் காசு கொடுத்து வர வேண்டும்?" என்றார். மகன் ஒரு சொல்கூடப் பேசவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான்.

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. இருந்தும் தவறு செய்துவிட்டேன் என்றே தோன்றுகிறது. பெரியவர்களிடம் இதை எப்படித் தொடங்குகிறீர்கள்? பயிற்சி தருபவர்களும், பயிற்சி எடுத்துக்கொண்டவர்களும் சொல்லுங்கள்.


கூடல்வாசி எழுதியது:

அம்மா, நீங்கள் உண்மையைச் சொன்னீர்கள், ஆனால் அதைக் கேட்க வேண்டியவரிடம் சொல்லவில்லை. கேள்வி கேட்டவர் அப்பா, பதிலும் அப்பாவுக்கே போனது. திக்குபவரின் வாழ்க்கை முழுவதும் இப்படித்தான் நடக்கிறது. அவருக்காக வேறு யாரோ பேசுவார்கள், அவரைப் பற்றிய முடிவு அவர் தலைக்கு மேலேயே எடுக்கப்படும். உங்கள் அறையிலும் அதுவே நடந்தால் அவர் எதை நம்பி மறுபடி வருவார்?

மதுரையில் 24 ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். பெரியவர் யார் வந்தாலும் கூட வந்தவரைக் கால் மணி நேரம் வெளியே உட்காரச் சொல்லிவிடுவேன். கோபித்துக்கொள்பவர்கள் உண்டு. பரவாயில்லை. பிறகு வந்தவரிடம் ஒரே ஒரு கேள்வி: "இந்தத் திக்கல் இல்லாமல் இருந்திருந்தால் போன வாரத்தில் எதைச் செய்திருப்பீர்கள்?"

பதில் உடனே வராது. சிலருக்கு அடைத்துக்கொள்ளும், சிலர் கண்ணீர் விடுவார்கள். நான் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, வாக்கியத்தை முடித்துக் கொடுப்பதுமில்லை. ஒருவர் சொன்னார்: "மேலாளரிடம் விடுப்பு கேட்டிருப்பேன். கேட்கப் பயந்து காய்ச்சல் என்று குறுஞ்செய்தி அனுப்பினேன்." இன்னொருவர்: "அக்கா மகளின் காதுகுத்துக்கு வருகிறவர்களை வாசலில் நின்று அழைத்திருப்பேன்." ஜவுளிக்கடையில் விற்பனையாளராக இருந்த ஒருவர், "பட்டு என்று சொல்லியிருப்பேன். நான் சேலை என்றே சொல்லி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்" என்றார். பட்டு விற்கும் கடையில் வேலை பார்ப்பவருக்குப் பட்டு என்ற சொல் வாயில் வரவில்லை என்றால், பாரத்தை நினைத்துப் பாருங்கள்.

நான் இலக்கு வைப்பது அந்தப் பதில்களில்தான். "குணமாகுமா" என்ற கேள்விக்குப் பிறகு வருகிறேன். முதலில் அவர் எதை இழந்துகொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரிய வேண்டும். மேலாளரிடம் விடுப்பு கேட்பதை இரண்டு மாதத்தில் செய்ய முடியும் என்று என்னால் ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும். திக்காமல் கேட்பார் என்று சொல்ல முடியாது. இந்த வேறுபாட்டை அவரே வாயால் சொல்லும் வரை நான் அமர்வுகளின் எண்ணிக்கையைப் பேசுவதில்லை.

பாடப்புத்தகத்தில் ஜோசப் ஷீஹன் சொன்ன பனிப்பாறை உவமையை எல்லோரும் படித்திருப்போம், வெளியே தெரிவது கொஞ்சம், நீருக்குள் இருப்பதே அதிகம் என்று. எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சீமைக்கருவேலத்தைச் சொல்கிறேன். மேலே வெட்டிப்போட்டால் பத்து நாளில் துளிர்க்கும். வெட்கமும் பயமும் ஒளிந்துகொள்வதும்தான் வேர். கேட்ட உடனே தலையாட்டுகிறார்கள்.


உள்ளேன்ஐயா எழுதியது:

நான் பயிற்சி தருபவன் அல்ல. 41 வயது, ஐந்து வயதிலிருந்து திக்குகிறேன். பள்ளியில் வருகைப் பதிவு எடுக்கும்போது "உள்ளேன் ஐயா" என்று சொல்ல முடியாமல் பாதி நாட்கள் எனக்கு வராதவன் என்று குறித்திருக்கிறார்கள். இருந்துகொண்டே இல்லாமல் போனவன் நான். அந்த இரண்டு சொற்களையே இங்கே பெயராக வைத்துக்கொண்டேன்.

இதுவரை மூன்று இடங்களில் பயிற்சி எடுத்திருக்கிறேன். இரண்டாவது இடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பத்து நாள் தங்கிப் பயில வேண்டும். ஒவ்வோர் அசையையும் இழுத்து, மிக மெதுவாக, ஒரே தாளத்தில் பேசக் கற்றுத் தந்தார்கள். நாலாம் நாளே திக்கல் நின்றுவிட்டது. பத்தாம் நாள் எல்லோர் முன்னாலும் மேடையில் ஐந்து நிமிடம் பேசினேன். ஒரு சொல் தடைபடவில்லை. அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஊருக்கு வந்து குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தோம்.

மூன்றாம் வாரம் பழையபடி ஆனது. தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன், அதையும் திக்கித்தான் கேட்டேன். "வீட்டில் ஒழுங்காகப் பயிற்சி செய்திருக்க மாட்டீர்கள்" என்றார்கள். தினமும் விடியற்காலையில் ஒரு மணி நேரம் மொட்டைமாடியில் நின்று செய்துகொண்டுதான் இருந்தேன்.

அந்த ஒரு வாக்கியம் என் ஆறு ஆண்டுகளைத் தின்றுவிட்டது. திக்கல் என் குறை என்று நினைத்திருந்தவன், அதற்குப் பிறகு சோம்பேறித்தனமும் என் குறை என்று நம்பத் தொடங்கினேன். கிண்டியில் இறங்க வேண்டியவன் சைதாப்பேட்டைக்கு டிக்கெட் வாங்குவேன். "கி" வராது. வெயிலில் திரும்பி நடப்பேன். நடக்கும்போது திக்கலை நினைத்து வருந்தவில்லை. "பயிற்சி செய்யாதவனுக்கு இது வேண்டியதுதான்" என்றுதான் நினைத்தேன்.

எனக்கு முதல் நாளே ஒருவர் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: "இந்த அறையில் சீக்கிரமே நன்றாகப் பேசிவிடுவீர்கள். வெளியே போனதும் அது நழுவும். நழுவுவது இதன் இயல்பு. அப்போது வெட்கப்படாமல் எனக்கு ஒரு போன் செய்யுங்கள்." இதைக் கேட்டிருந்தால் அந்தப் பொங்கலைக்கூட வேறு மனதோடு வைத்திருப்போம்.


புதுமாணவி எழுதியது:

வணக்கம். பேச்சு, செவியியல் இளங்கலை இறுதியாண்டு. ஐயா எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் தட்டச்சு செய்ய முடியவில்லை.

ஒரு சந்தேகம். திரும்பி வருவது இயல்பு என்று நாம் படிக்கிறோம். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் "ஏன் திரும்பி வருகிறது?" என்று கேட்டால் மூளையின் படத்தைக் காட்டிப் பாடம் நடத்தவா முடியும்? போன மாதம் நான் முயன்றேன். அவர் பணிவாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் ஸ்கேன் எடுக்க வேண்டுமா?" என்றார். எப்படிச் சொல்வது?


பொருநைக்கரை எழுதியது:

உள்ளேன்ஐயா, நீங்கள் எழுதியதற்கு நன்றி என்று சொன்னால் மட்டும் போதாது. அந்த வாக்கியத்தை, வேறு சொற்களில், நானும் யாரிடமாவது சொல்லியிருப்பேனோ என்று நேற்று இரவு முழுவதும் பழைய குறிப்பேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

தங்கை, உன் கேள்விக்கு நான் சொல்லும் முறை இது. நாக்கிலும் தொண்டையிலும் கோளாறு இல்லை என்பதை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் நாக்கைத்தான் குற்றம் சொல்கிறார்கள். கூழாங்கல்லை வாயில் போட்டுப் பேச வைத்திருப்பார்கள், வசம்பைச் சுட்டுத் தேய்த்திருப்பார்கள். நாம் மட்டுமல்ல, 1841-இல் பெர்லினில் டீஃபன்பாஹ் என்ற பெயர்பெற்ற அறுவை மருத்துவர் திக்குபவர்களின் நாக்கில் ஆப்பு வடிவத்தில் சதையையே வெட்டி எடுத்தார், மயக்க மருந்து வருவதற்கு முந்தைய காலத்தில். அதனால் பயன் இல்லை. அந்த நாக்குகளில் குறை இருந்ததே இல்லை.

அடுத்து, "பாட்டுப் பாடும்போது திக்குகிறதா?" என்று கேட்பேன். இல்லை என்பார். இரண்டு பேரும் சேர்ந்து செய்தித்தாளை ஒரே குரலில் படிப்போம். திக்காது. அவர் முகத்தில் ஒரு வியப்பு வரும். "பார்த்தீர்களா, உறுப்புகள் நன்றாக இருக்கின்றன. தானாக எழும் பேச்சுக்கு மூளை சரியான நொடியில் சைகை கொடுப்பதில்தான் தடுமாற்றம். அந்த அமைப்பு உங்களோடு வளர்ந்தது, பல குடும்பங்களில் மரபாகவும் வருகிறது. நீங்கள் பயந்ததால் வந்ததல்ல, அப்பா அடித்ததால் வந்ததும் அல்ல. பயம் அதைக் கூட்டும், அவ்வளவுதான்" என்பேன்.

பிறகுதான் வண்டித்தடம். மண்சாலையில் மாட்டு வண்டிகள் போய்ப்போய்ப் பள்ளமாகிவிட்ட தடத்தை ஊரில் பார்த்திருப்போம். பக்கத்தில் புதுத்தடம் போடலாம். நிதானமாக ஓட்டும்போது வண்டி அதிலே போகும். மழையிலும் அவசரத்திலும் இருட்டிலும் சக்கரம் பழைய பள்ளத்தில் இறங்கிவிடும். பழைய தடத்தை யாராலும் தூர்க்க முடியவில்லை. ஆனால் இறங்கிய சக்கரத்தை அச்சு முறியாமல் மேலே ஏற்றக் கற்றுக்கொள்ளலாம். பயிற்சியில் பாதி அதுதான்.

குழந்தைகள் விஷயம் வேறு என்பதையும் சொல்லிவிடு. அவர்களுக்குத் தடம் இன்னும் பள்ளமாகவில்லை. "என் தம்பி மகன் ஆறு மாதத்தில் சரியாகிவிட்டான், எனக்கு ஏன் ஆகாது?" என்று கேட்டு வருபவர்கள் நிறைய.


கறுப்புக்கோட்டு எழுதியது:

நான் மாறுபடுகிறேன். கொஞ்சம் சூடாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வழக்கறிஞன், ஜூனியர். பேசித்தான் சோறு. வழக்கு எண்ணை அழைத்ததும் எழுந்து நின்று "வாய்தா வேண்டும்" என்று சொல்வதே என் முதல் வேலையாக இருந்தது. "வா" என்பதிலேயே நின்றுவிடுவேன். நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். பின்வரிசையில் யாரோ இருமுவார்கள். கட்சிக்காரரின் பெயரை மாற்றுச் சொல்லால் ஒப்பேற்ற முடியாது. சட்டப்பிரிவின் எண்ணையும் மாற்ற முடியாது. "வந்து... அதாவது... என்னவென்றால்..." என்று முட்டுக்கொடுத்துக் காலம் கடத்தினால் தயாரிக்காமல் வந்தவன் என்று நினைக்கிறார்கள்.

இப்படிப்பட்டவன் ஒரு பேச்சு நிபுணரிடம் போனபோது முதல் அமர்விலேயே அவர் சொன்னது: "முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள்." அவர் நல்லவர், என் மேல் அக்கறையோடுதான் சொன்னார். ஆனால் எனக்கு அது கதவைச் சாத்துவது போலிருந்தது. பசியோடு வந்தவனைப் பசியை ஏற்றுக்கொள் என்று சொல்லலாமா? இந்த இழையிலும் அந்தச் சாயல் தெரிகிறது. எதிர்பார்ப்பைச் சரியான அளவில் வைப்பது என்ற பெயரில், முயன்று பார்க்கும் முன்பே எங்கள் ஆசையை நறுக்கிவிடுகிறீர்கள். சரளமாகப் பேச வேண்டும் என்று ஆசைப்படுவது எங்கள் உரிமை.

எனக்குக் கை கொடுத்தவை உத்திகள்தாம். சொல்லின் முதல் ஒலியை மூச்சோடு மெல்லத் தொடங்குவது. அடைத்த இடத்தில் முட்டாமல், நடுவிலேயே இறுக்கத்தைத் தளர்த்தி வெளியே வருவது. வேறொருவரிடம் 14 மாதம் பயின்றேன். இன்று பாதி வாதங்களை நல்லபடியாக முடிக்கிறேன். அந்த முதல் நிபுணரின் பேச்சைக் கேட்டு நின்றிருந்தால் இந்தப் பாதியும் இல்லை.


கூடல்வாசி எழுதியது:

தம்பி, நீங்கள் சொல்வதில் பெரும்பகுதி நியாயம். ஏற்றுக்கொள்ளுதல் என்பதை முதல் நாள் உபதேசமாகச் சொல்பவர் அதைக் கொச்சைப்படுத்துகிறார். அது ஒருவருக்குள் மெல்ல நிகழ வேண்டியது, நாம் சீட்டில் எழுதிக் கொடுக்கும் மருந்து அல்ல. உங்கள் ஆசையை நறுக்க எனக்கு அதிகாரமும் இல்லை.

ஆனால் நீங்கள் சொன்ன உத்தியின் வரலாற்றைப் பாருங்கள். அடைப்பின் நடுவிலேயே தளர்த்தி வெளியே வருவதைப் பயிற்சியாக வகுத்தவர் சார்லஸ் வான் ரைப்பர், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக்காரர். 1905-இல் பிறந்து 1994-இல் மறைந்தவர். அவரே திக்குபவர். உலகத்துக்கே உத்தி கற்றுத் தந்தவர் தம் பேச்சிலிருந்து திக்கலை முழுவதும் நீக்கிக்கொள்ளவில்லை. எளிதாக, போராட்டமில்லாமல் திக்குவதே அவர் வகுத்த வழி. ஆக உத்தியும் ஏற்பும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். நாம்தான் பாகம் பிரித்துவிட்டோம்.

என்னிடம் வருபவர்களுக்கு மூன்று வகைப் பேச்சு இருப்பதாகச் சொல்கிறேன். தானாக வரும் சரளம், அது வரும்போது அனுபவியுங்கள், அதை நம்பி நாள் குறிக்காதீர்கள். உத்தியால் வரும் சரளம், அதற்கு விலை உண்டு. மூன்றாவது, இறுக்கமில்லாமல் திக்கிக் கடந்துபோவது.

அந்த விலையைப் பற்றித்தான் நம்மில் பலர் முதல் நாளில் பேசுவதில்லை. ஒவ்வொரு சொல்லின் தொடக்கத்தையும் கவனித்துக்கொண்டே பேசினால், சொல்ல வந்த விஷயத்தில் வைக்கும் கவனம் குறையும். அரை மணி நேரத்தில் களைத்துப்போவீர்கள். குரல் கொஞ்சம் செயற்கையாக இருப்பதாகச் சிலருக்குத் தோன்றும். நீதிமன்றத்தில் பத்து நிமிட வாதத்துக்கு அந்த விலையைத் தாராளமாகக் கொடுக்கலாம். இரவு சாப்பிடும்போது அம்மாவிடமும் அதையே கொடுக்க வேண்டுமா? அதை முடிவு செய்ய வேண்டியவர் வந்திருப்பவர். எங்கே உத்தி, எங்கே சும்மா திக்கிவிட்டுப் போகலாம் என்று அவரே பட்டியல் போடட்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.


கறுப்புக்கோட்டு எழுதியது:

விலை என்று நீங்கள் சொன்னதை மறுக்க மாட்டேன். மாலையில் அலுவலகம் திரும்பும்போது யாரோடும் பேசப் பிடிக்காமல் போவது எனக்கே தெரியும். அதைத் திக்கலின் களைப்பு என்று நினைத்திருந்தேன். உத்தியின் களைப்பு என்று யாரும் சொன்னதில்லை. வீட்டுக்காரி கேட்டால் தலைவலி என்பேன்.

யோசிக்கிறேன்.


மருதாணிவாசல் எழுதியது:

என் கணவர் திக்குபவர். நீங்கள் எல்லோரும் வந்திருப்பவரிடம் என்ன சொல்வது என்றே பேசுகிறீர்கள். வீட்டில் இருப்பவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் எழுதுகிறேன்.

மணமாகி 9 ஆண்டுகள். அவருக்குத் திக்கல் இருப்பது எனக்கு முதல் மூன்று ஆண்டுகள் சரியாகத் தெரியவே இல்லை. கொஞ்சம் அமைதியானவர், யோசித்துப் பேசுபவர் என்றே என் பிறந்த வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஹோட்டலில் எப்போதும் என்னையே சொல்லச் சொல்வார். தொலைபேசி அடித்தால் குளியலறைக்குப் போய்விடுவார்.

பயிற்சிக்குப் போகத் தொடங்கிய இரண்டாம் மாதம் வெளிப்படையாகத் திக்க ஆரம்பித்தார். முன்பு மறைத்து, சொல்லை மாற்றி, சுற்றிவளைத்துப் பேசியவர் இப்போது நேராகவே சொல்லப் போய் நின்று நின்று பேசினார். எனக்குப் பயம் வந்துவிட்டது. காசு கொடுத்துக் கெடுத்துக்கொண்டோம் என்று நினைத்தேன். "போதும், நிறுத்திவிடுங்கள், முன்பே நன்றாகப் பேசினீர்கள்" என்று நானே சொன்னேன். அவர் முகம் வாடியதை இன்றும் மறக்க முடியவில்லை. ஒளிவதை நிறுத்தும்போது திக்கல் வெளியே கூடுதலாகத் தெரியும், அது முன்னேற்றத்தின் அடையாளம் என்று யாராவது எனக்கு ஐந்து நிமிடம் சொல்லியிருந்தால் நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.

இன்னொன்று. அவர் என்னை ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. "இந்தா", "இங்கே பார்" என்பதோடு சரி. எங்கள் பக்கத்தில் அது வழக்கம்தானே என்று நானும் கேட்கவில்லை. நாலாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து என் பெயரின் முதல் எழுத்து மட்டும் கேட்டது. மறுபடியும் அதே எழுத்து. மறுபடியும். நான் திரும்பவில்லை, திரும்பினால் நிறுத்திவிடுவாரோ என்று. கடைசியில் முழுப்பெயரும் வந்தது. இத்தனை ஆண்டுகளாக அவருக்கு என் பெயர் எவ்வளவு கனமாக இருந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.


புதுமாணவி எழுதியது:

அக்கா, இதை எங்கள் வகுப்பில் பெயர் குறிப்பிடாமல் பகிர்ந்துகொள்ளலாமா?

கூடல்வாசி ஐயாவுக்கு ஒரு கேள்வி. எத்தனை அமர்வு, எவ்வளவு செலவு என்று கேட்பவர்களுக்கு என்ன எண் சொல்வது? சுவர் விளம்பரங்களில் "15 நாளில் நிரந்தரத் தீர்வு" என்று எழுதியிருக்கிறார்கள். நாம் எண்ணே சொல்லாவிட்டால் அங்கேதானே போவார்கள்?


மருதாணிவாசல் எழுதியது:

தாராளமாகப் பகிர்ந்துகொள்ளம்மா. ஊரை மட்டும் சொல்ல வேண்டாம்.


கூடல்வாசி எழுதியது:

போகிறவர்கள் போவார்கள். அவர்களை ஏளனம் செய்யாமல் அனுப்பினால் பிறகு திரும்பி வரவும் வழி இருக்கும். ஒன்று மட்டும் சொல்லி அனுப்பு: பேச்சுப் பயிற்சி தருபவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று பதிவு எண்ணைக் கேட்டுப் பார்க்கட்டும். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பதிவு வேண்டும். உத்தரவாதம் தருகிறவரிடம், "ஒரு வருடம் கழித்து என்ன நிலை என்று உங்களிடம் வந்த எத்தனை பேரிடம் கேட்டீர்கள்?" என்றும் கேட்கட்டும்.

எண் கேட்டால் எண் சொல்லலாம், முடிவுக்கு அல்ல, கூடிப் பேசும் நாளுக்கு. "வாரம் ஒருமுறை, முதலில் 8 அமர்வு. இவ்வளவு கட்டணம். எட்டாவது அமர்வில் தொடர வேண்டுமா, மாற்ற வேண்டுமா, நிறுத்த வேண்டுமா என்று நாம் இருவரும் உட்கார்ந்து முடிவு செய்வோம்" என்று நான் சொல்கிறேன். நிறுத்துவதும் ஒரு வழி என்று முதல் நாளே சொல்வது முக்கியம். சொல்லாவிட்டால், பிடிக்காதவர் சொல்லிக்கொள்ளாமல் நின்றுபோவார், தோற்றுவிட்டதாக நினைத்துக்கொள்வார்.

எதை வைத்து அளப்போம் என்பதையும் அன்றே பேசு. திக்கிய அசைகளை எண்ணுவது எனக்கு எளிது, அவருக்கு அது பெரிதாக எதையும் சொல்லாது. திக்கல் நாளுக்கு நாள் மாறும், ஆளுக்கு ஆள் மாறும். செவ்வாய்க்கிழமை என் அறையில் எடுத்த ஒரு பதிவு அவருடைய வாரத்தைக் காட்டாது. இந்த வாரம் எத்தனை அழைப்புகளைத் தவிர்த்தார், எத்தனை முறை சொல்லை மாற்றினார், பேசிய பிறகு எவ்வளவு நேரம் அதையே நினைத்து உழன்றார் என்று அவரே குறித்துவரட்டும். அந்தக் குறிப்பேடு ஆறு மாதத்தில் என்ன காட்டும் என்று பார்.

மருந்தைப் பற்றியும் கட்டாயம் கேட்பார்கள். திக்கலுக்கென்றே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்த மருந்து எதுவும் இல்லை என்பதை நேராகச் சொல்லிவிடு. நம் குரலையே நொடியின் சிறு பகுதி தாமதித்துக் காதில் ஒலிக்கச் செய்யும் கருவிகள் உண்டு. சிலருக்கு உதவும், சிலருக்குக் கொஞ்ச நாளில் பலன் மங்கும். விலை கொடுத்து வாங்கும் முன்பு செயலியில் முயன்று பார்க்கச் சொல். நேர்ந்துகொண்டு திருச்செந்தூர் போகிறவர்களைத் தடுக்காதே. குமரகுருபரருக்கு வாய் திறந்த ஊர் என்ற நம்பிக்கையோடு தலைமுறை தலைமுறையாகப் போகிறார்கள். முருகனிடம் போய்விட்டு நம்மிடமும் வரட்டும்.


உள்ளேன்ஐயா எழுதியது:

ஐயா சொன்னவற்றோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பயிற்சி தருபவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் திக்குகிற இன்னொரு மனிதரை ஒருவர் சந்திப்பதற்கு அது ஈடாகாது. எனக்கு 34 வயது வரை என்னைத் தவிரத் திக்கும் பெரியவர் ஒருவரோடும் நான் உட்கார்ந்து பேசியதில்லை. 2008 முதல் இயங்கிவரும் தி இந்தியன் ஸ்டாமரிங் அசோசியேஷனின் உதவிக் குழுக் கூட்டம் ஒன்றுக்குத் தயங்கித் தயங்கிப் போனேன். அங்கே ஒருவர் தன் பெயரைச் சொல்ல வெகுநேரம் எடுத்துக்கொண்டார். யாரும் பார்வையைத் திருப்பவில்லை, யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. சொல்லி முடித்ததும் புன்னகையோடு தேநீர் கேட்டார். அதையும் திக்கித்தான் கேட்டார், தேநீர் வந்தது.

நான் அன்றுவரை காபிதான் குடித்துவந்தேன். டீ என்ற சொல் எனக்கு வராது. அன்று டீ கேட்டேன்.

முதல் நாளிலேயே இப்படி ஒரு கூட்டம் இருக்கிறது என்று சொல்லுங்கள். "எது நடக்கக்கூடும்" என்பதை நீங்கள் வாயால் விளக்குவதைவிட, பத்தாண்டு முன்னே நடந்துபோன ஒருவரைக் கண்ணால் பார்ப்பது வேறு.


பொருநைக்கரை எழுதியது:

பத்து நாட்களாக எழுதவில்லை. காரணம் இருக்கிறது.

எங்கள் பதிவேட்டில் இருந்தது அப்பாவின் எண் மட்டும்தான். அழைக்கலாமா என்று தயங்கிக்கொண்டிருந்தபோது, தெரியாத எண்ணிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. "அன்று அப்பாவோடு வந்தவன். தனியாக வரலாமா?"

வியாழக்கிழமை மாலை வந்தார். கூடல்வாசி ஐயாவின் கேள்வியைக் கேட்டேன். பதில் சொல்ல அவருக்குச் சில நிமிடங்கள் ஆயின. நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பெண் பார்க்கப் போன நாளில் அவரை வாய் திறக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். "மாப்பிள்ளை கூச்ச சுபாவம்" என்று மாமா சமாளித்திருக்கிறார். இவர் சொன்னது: "எனக்குத் திக்கும் என்று அந்தப் பெண்ணிடம் நானே சொல்ல வேண்டும். நிச்சயத்துக்கு முன்னால். அவள் வேண்டாம் என்றாலும் பரவாயில்லை."

தைக்குள் திக்கலைப் போக்க என்னால் முடியாது. தைக்குள் இந்த ஒரு செய்தியை அவர் வாயாலேயே சொல்ல வைக்க முடியும் என்று நினைக்கிறேன். அதை அவரிடம் அப்படியே சொன்னேன். தலையாட்டினார். எட்டு அமர்வுக்குப் பேசிக்கொண்டோம். அப்பாவையும் ஒருநாள் அழைத்துவரச் சொல்லியிருக்கிறேன், மருதாணிவாசல் அம்மா சொன்னதை மனதில் வைத்து.

இனி வருபவர்களுக்கு முதல் நாளில் சொல்வதற்காக ஒரு வரைவு எழுதி வைத்திருக்கிறேன். பார்த்துத் திருத்துங்கள்:

"உங்கள் திக்கல் உங்கள் தவறால் வந்ததல்ல. அது முழுவதும் போய்விடும் என்று நான் வாக்குத் தர முடியாது, அப்படித் தருபவர்களிடம் கவனமாக இருங்கள். ஒழுங்காக முயன்று பயிற்சி செய்தால் பேசுவது இப்போதைவிட எளிதாகும். சில நாட்கள் நன்றாக இருக்கும், சில நாட்கள் பழையபடி ஆகும், இரண்டுக்கும் தயாராக இருப்போம். மறைப்பதை விடும்போது முதலில் திக்கல் கூடியதுபோலத் தெரியலாம். உத்திகள் கற்றுத் தருவேன், அவற்றுக்கு உழைப்பும் களைப்பும் உண்டு, எங்கே பயன்படுத்துவது என்பது உங்கள் விருப்பம். நீங்கள் எதைப் பேசாமல் விட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்பதிலிருந்து தொடங்குவோம்."


கறுப்புக்கோட்டு எழுதியது:

இதை என்னிடம் யாராவது முதல் நாள் சொல்லியிருந்தால் எழுந்து போயிருக்க மாட்டேன். "உங்கள் விருப்பம்" என்ற இடத்தைத் தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள்.


உள்ளேன்ஐயா எழுதியது:

ஒரே ஒரு திருத்தம் அம்மா. "ஒழுங்காக முயன்று" என்ற இரண்டு சொற்களை எடுத்துவிடுங்கள். மூன்றாம் வாரம் பேச்சு நழுவும்போது எங்களை நாங்களே அடித்துக்கொள்வது அந்தச் சொற்களால்தான்.


பொருநைக்கரை எழுதியது:

எடுத்துவிட்டேன்.